டெல்டாவில் மெமு ரயில்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இருக்கிற பாபநாசத்தில் ஏறி, தஞ்சாவூரில் இறங்கி, மாலையில் அதே வழியாகத் திரும்புவது என் அன்றாடம். ரயில் வரும்வரை நடைமேடையில் நடக்கிற பேச்சில் பாதி அந்த ரயிலைப் பற்றியதாகவே இருக்கும். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மெமு என்றால் என்ன? எஞ்சின் இல்லாமல் எப்படி ஓடுகிறது?

எஞ்சின் இல்லை என்று சொல்ல முடியாது. அது தனி வண்டியாக முன்னால் நிற்காமல், பயணிகள் உட்காரும் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மெயின்லைன் எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட் என்ற நீண்ட பெயரின் சுருக்கம்தான் மெமு. வழக்கமான அமைப்பில் ஒரு மோட்டார் கோச்சும் மூன்று சாதாரணப் பெட்டிகளும் சேர்ந்தது ஒரு யூனிட். இரண்டு யூனிட் சேர்ந்தால் எட்டுப் பெட்டி ரயில், மூன்று சேர்ந்தால் பன்னிரண்டு பெட்டி ரயில். எல்லா மோட்டார் கோச்சுகளையும் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஓட்டுநர் ஒரே கைப்பிடியால் இயக்குகிறார்.

மோட்டார் கோச்சின் கூரையில் மடக்குக் கட்டில் போல ஒன்று விரிந்து நின்று மேலே உள்ள கம்பியைத் தொட்டுக்கொண்டே வருமே, அதன் பெயர் பான்டோகிராஃப். கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். பெட்டியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்து, சக்கர அச்சுகளோடு இணைந்த மோட்டார்களுக்குக் கொடுக்கிறது. வேலை முடிந்த மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது. மார்கழி விடியலில் கம்பியெல்லாம் பனி கோத்திருக்கும்போது, பான்டோகிராஃப் தொடும் இடத்தில் நீலமாகப் பொறி தெறிப்பதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டியதில்லை. கம்பியின் ஈரத்தால் வருவது அது.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடுகிற மின்சார ரயிலும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், அண்ணன் தம்பி என்று சொல்லலாம். சென்னையில் ஓடுவது இஎம்யு, அதாவது எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட். மோட்டார் கோச் அமைப்பு, இரு முனையிலும் ஓட்டுநர் அறை, சட்டென்று வேகம் எடுப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இரண்டு வகையையும் கட்டுகிறது.

வித்தியாசம் வாசலில் தொடங்குகிறது. சென்னை ரயிலின் வாசலில் படிக்கட்டு கிடையாது. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பல சிறிய நிலையங்களின் நடைமேடை தாழ்வானது. மெமுவின் வாசலில் படிகள் இருப்பதால் அங்கேயும் ஏறி இறங்க முடிகிறது. இன்னொன்று, சென்னை ரயிலில் கழிப்பறை இல்லை; மெமுவில் உண்டு. நகருக்குள் ஒரு மணி நேரம் ஓடும் ரயிலுக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல் வயல்வெளியில் ஓடும் ரயிலுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம்தான் இது. "சென்னை ரயிலையே இங்கே கொண்டு வரலாமே" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நமக்கு வேண்டியது மெமுதான். இன்னும் நிறைய மெமு.

டெமுவுக்கும் மெமுவுக்கும் என்ன வித்தியாசம்? எது வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

டெமு டீசலில் ஓடுவது. டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றி, அதில் வரும் மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிறது. அதனால் மேலே கம்பி இல்லாத தடத்திலும் போகும். 2019இல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் சேவை தொடங்கியபோது டெமுவைத்தான் விட்டார்கள். ஆனால் சத்தமும் புகையும் அதிகம். எஞ்சினுக்கு அடுத்து உட்கார்ந்துகொண்டு அலைபேசியில் பேச முடியாது.

ரயில் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் எஞ்சின் இழுக்கும் சாதாரண பாசஞ்சர், 6 என்றால் மெமு, 7 என்றால் டெமு. கொரோனாவுக்குப் பிறகு பல பாசஞ்சர் ரயில்கள் சிறப்பு ரயில் என்ற பெயரில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்ததால் இந்த அடையாளம் மறைந்து போயிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் கரண்ட் போனால் ரயிலும் நின்றுவிடுமா?

நிற்காது. நம் வீட்டுக்கு வருவது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. ரயில்வே துணை மின் நிலையமோ, மின்வாரியத்தின் உயர் அழுத்த வழித்தடத்திலிருந்து நேரடியாக மின்சாரம் பெற்று, 25,000 வோல்ட்டாக மாற்றிக் கம்பிக்குக் கொடுக்கிறது. ஊரே இருட்டில் கிடக்கும்போது மெமு மட்டும் விளக்கெரியக் கடந்து போவது இதனால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விளக்கும் மின்விசிறியும் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறதே, பழுதா?

பழுது இல்லை. ஒரு துணை மின் நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில், கம்பியில் சிறிது தூரத்துக்கு மின்சாரம் இருக்காது. அந்தத் துண்டை ரயில் ஓடிய வேகத்திலேயே கடந்துவிடும். அதற்கு முன் ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தாண்டியதும் மறுபடி இணைப்பார். மோட்டாரின் இரைச்சல் அடங்கி, சக்கரங்களின் தாளம் மட்டும் கேட்கும் அந்தச் சில நொடிகளில் பெட்டியே பேச்சை நிறுத்துவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

வேகமாகக் கிளம்புகிற ரயில் என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

மிகவும் நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 39 கிலோமீட்டர். நடுவில் திட்டை, பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம். அதாவது ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம். இப்படிப்பட்ட தடத்தில் ஒரு ரயிலின் உச்ச வேகம் எவ்வளவு என்பது பெரிய விஷயமே இல்லை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. எஞ்சின் இழுக்கும் ரயிலில் ஒரே ஒரு வண்டியின் சக்கரங்கள் மொத்தச் சுமையையும் இழுக்க வேண்டும். அது மெல்ல மெல்ல வேகம் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த நிலையத்தின் சிக்னல் வந்துவிடும். மெமுவில் இழுக்கும் சக்தி ரயிலின் பல இடங்களில் பிரிந்திருக்கிறது. ஆகவே எழுந்தவுடன் ஓடுகிறது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரே ஒரு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி–மயிலாடுதுறை இடையே இருபது நிறுத்தம் என்றால் இருபது நிமிடம் மிச்சம்.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் மோட்டார் ஓடும் புதிய மெமுக்களில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரேக் போடும்போது அதே மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்கிற நம் தடத்தில் இது சும்மா போகிற சக்தி அல்ல.

அப்படியானால் சிக்கல் எங்கே? பாதையில். பொன்மலை–தஞ்சாவூர் இரட்டைப் பாதை ஆகிவிட்டது. தஞ்சாவூரைத் தாண்டி கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் போனால் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால், யாராவது ஒருவர் நிலையத்தில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எக்ஸ்பிரஸ் வரும்போது ஒதுங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "கிராஸிங்" என்ற சொல்லைத் தமிழ்ச் சொல் என்றே எங்கள் பக்கத்துக் குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவு பழக்கம். ஓடி மிச்சப்படுத்திய நிமிடங்களை எல்லாம் கிராஸிங்கில் நின்று செலவழித்துவிடுகிறோம். இரண்டாவது பாதை வராமல், ரயில் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதன் பலன் நமக்கு முழுதாகக் கிடைக்காது.

சின்ன நிலையங்களில் நிறுத்துவதைக் குறைத்தால் சீக்கிரம் போகலாமே?

கும்பகோணத்தில் ஏறி திருச்சியில் இறங்குபவர் கேட்கும் கேள்வி இது. அவருக்கு எக்ஸ்பிரஸ் ரயில்கள் இருக்கின்றன. நரசிங்கன்பேட்டையில் ஏறுபவருக்கு என்ன இருக்கிறது?

இந்தத் தடத்தின் நிலையங்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடீ என்று தொடங்கும் நெல் ரகங்களை விதைக்காத டெல்டா விவசாயி உண்டா? திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் திருபுவனம், பட்டு நெசவு. சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்ப்பு. திருவெறும்பூரில் பெல் ஆலை. இந்த ஊர்கள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்திருப்பது சாதாரண ரயிலால். காலையில் எங்கள் பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறேன்: கல்லூரிப் பிள்ளைகள், துணிக்கடையில் வேலை செய்யும் பெண்கள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிசோதனைச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு போகிற முதியவர், அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் பேத்தி. இவர்களில் பாதிப் பேர் ஏறியது ஒரு நிமிடம் மட்டும் ரயில் நிற்கும் ஊர்களில்.

நின்று நின்று போவதற்காகவே வடிவமைத்த ரயிலை நிறுத்தாமல் ஓட்டுவது, நாற்று நடத் தெரிந்தவரைக் கூப்பிட்டு வரப்பில் உட்கார வைப்பது போல. நிறுத்தத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள். ரயிலைக் கூட்டக் கேளுங்கள். ஒரு ரயிலை விட்டால் அடுத்தது பல மணி நேரம் கழித்து என்ற நிலை இருக்கும்வரை, பஸ்ஸுக்கு இருமடங்குக்கு மேல் கொடுத்தாவது போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

டெல்டாவுக்கு மின்சார ரயில் வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி பம்பாயில் ஓடியது. ஆறே ஆண்டில், 1931இல், சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் தடத்தில் மின்சார ரயில் வந்துவிட்டது. அதை ஓட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் இந்தியத் தலைமையகம் எங்கே இருந்தது தெரியுமா? திருச்சியில். அந்தக் கம்பெனியின் பூர்வீகமே நம் மண்தான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் விட்ட கிரேட் சதர்ன் கம்பெனிதான் பின்னால் வேறொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றினார்கள். இவ்வளவும் டெல்டாவில் இருந்தும், டெல்டாவுக்கு மின்கம்பி வர 1931க்குப் பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

காரணங்கள் உண்டு. 1929இல் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்குப் பாதையான கார்டு லைன் திறந்ததும், சென்னை–திருச்சி தூரம் குறைந்து, முக்கிய ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. பெயர் மட்டும் நமக்கு மெயின் லைன். அகலப்பாதையாக மாற்றும் வேலை 1990களின் இறுதியில் தொடங்கி, மயிலாடுதுறை–விழுப்புரம் பகுதி 2010இல்தான் முடிந்தது. அகலப்பாதை முடிந்த பிறகே மின்மயம். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நடந்தது. இதில் எனக்கு ஆறாத ஆச்சரியம் ஒன்று உண்டு: நாகப்பட்டினத்தில் 1861இல் போட்டது அகலப்பாதைதான். 1875இல் மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பழைய அகலத்துக்கே திரும்பினோம்.

டிக்கெட் எவ்வளவு? சீசன் டிக்கெட் செல்லுமா?

மெமுவில் சாதாரண இரண்டாம் வகுப்புக் கட்டணம்தான். குறைந்தபட்சம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் கட்டணமாக 30 ரூபாய் குறைந்தபட்சமாக வாங்கியதை 2024 பிப்ரவரி இறுதியில் விலக்கினார்கள். அந்த வாரம் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் டிக்கெட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதை நான் மறக்க மாட்டேன்.

சீசன் டிக்கெட் தாராளமாகச் செல்லும். 150 கிலோமீட்டர் தூரம் வரை எடுக்கலாம். திருச்சி–மயிலாடுதுறை சுமார் 120 கிலோமீட்டர், ஆகவே அந்த எல்லைக்குள் வருகிறது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் ஒரு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்கு. மாதாமாதம் எடுப்பதைவிட லாபம். ரயில்ஒன் செயலியிலும் வாங்கலாம்.

எந்தப் பெட்டியில் ஏறினால் இடம் கிடைக்கும்?

மோட்டார் கோச்சை நோக்கி ஓடாதீர்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மின்கருவிகளுக்கென்று ஓர் அறையை அடைத்திருப்பார்கள். மற்ற பெட்டிகளைவிட அதில் இருக்கை குறைவு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வரிவரியான காற்றுத் துளைகள் தெரிந்தால் அதுதான் மோட்டார் கோச். ரயில் நின்றபின் சட்டென்று அதிர்ந்து சத்தம் போடுவது காற்றழுத்தம் ஏற்றும் கம்ப்ரஸர். தூங்கும் குழந்தையோடு வருபவர்கள் நடுப்பெட்டிக்குப் போவது நல்லது.

வாழை இலைக் கட்டு, வெற்றிலைக் கூடை ஏற்றலாமா?

இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு 35 கிலோ வரை இலவசம். அதற்கு மேல் என்றால் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். வாசலை அடைத்து வைக்காதீர்கள். ஒரு நிமிட நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர் கூடையைத் தாண்ட முடியாமல் அடுத்த ஊர் வரை போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேலே போகும் கம்பி எவ்வளவு ஆபத்து?

தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 25,000 வோல்ட் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் போனாலே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. நிற்கும் ரயிலின் கூரையில் ஏறுவது தற்கொலைக்குச் சமம்.

நகரத்து அறிவிப்புப் பலகைகளில் எழுதாத சில ஆபத்துகள் நம் பக்கத்தில் உண்டு. ரயில் பாதையை ஒட்டிய தோப்பில் துரட்டியால் தேங்காய் பறிப்பவர்கள், நீளமான இரும்புக் குழாயைத் தோளில் வைத்துப் பாதையைக் கடக்கும் போர்வெல் வேலைக்காரர்கள், பச்சை மூங்கிலைத் தூக்கி நிறுத்திப் பந்தல் போடுபவர்கள் ஆகியோர் கம்பியை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரிகள் கிளம்பும். கேட்டுக்கு இருபுறமும் சாலையின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 4.67 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் பாரம் ஏற்றிய எந்த வண்டியும் கேட்டைக் கடக்கக் கூடாது. சட்டத்தில் உரசிக்கொண்டு வைக்கோல் உதிர்ந்தால் நஷ்டம் கொஞ்சம் வைக்கோல்தான். சட்டம் இல்லாவிட்டால் உரசுவது கம்பியில். கோவில் தேரோ உயரமான சப்பரமோ கேட்டைக் கடக்க வேண்டியிருந்தால், ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே ரயில்வேயிடம் எழுதிக் கேட்டு, மின்சாரத்தை நிறுத்திய பிறகே நகர்த்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மெமு ஓடுமா?

மழைக்காக நிற்காது. பாதையில் தண்ணீர் நின்றால்தான் கவலை. மோட்டார்கள் சக்கர அச்சோடு தாழ்வாக இருப்பதால், தண்டவாளத்துக்கு மேல் வெள்ளம் ஏறினால் ஊர்ந்து செல்லச் சொல்வார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். புயல் வேறு விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எத்தனை தென்னை சாய்ந்தது என்பதை நாம் பார்த்தோம். இப்போது அதே இடங்களில் மின்கம்பி போகிறது. ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் சரிசெய்யும்வரை மெமு ஓடாது. டீசல் எஞ்சின்தான் கைகொடுக்கும். டீசல் எஞ்சின்களை மொத்தமாக ஒழித்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகவே. அறுந்து தொங்கும் கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல், அருகிலுள்ள கேட் கீப்பரிடமோ நிலையத்திலோ சொல்லுங்கள்.

முன்பெல்லாம் ரயில் திரும்பிப் போக எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார்கள். இப்போது அது ஏன் இல்லை?

நடைமேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டது. எஞ்சின் கழன்று, தனியாக ஓடி, பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றி வந்து, மறுமுனையில் இடித்து இணைவதைப் பார்ப்பதற்காகவே சிறுவயதில் மயிலாடுதுறைக்குப் போவாராம். அப்போது அந்த ஊருக்குப் பெயர் மாயவரம்.

மெமுவுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. மயிலாடுதுறையில் ரயில் வந்து நின்றதும், லோகோ பைலட் எனப்படும் ஓட்டுநர் கைப்பிடியைப் பூட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். கடைசிப் பெட்டியிலிருந்து, முன்பு கார்டு என்று அழைத்த ரயில் மேலாளரும் இறங்குகிறார். பாதி நடைமேடையில் இருவரும் எதிரெதிரே சந்தித்து, இரண்டு வார்த்தை பேசி, ஒருவர் வந்த திசையில் மற்றவர் போகிறார். சிவப்பு விளக்கு எரிந்த முனையில் முகப்பு விளக்கு எரிகிறது. அதற்குள் பயணிகள் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டிருப்பார்கள்.